கற்கண்டு வைத்துப் போன திருடன்

மூணாறைத் தாண்டும்போதே ஜீப்பின் பிரேக் பாதி கையை விரித்துவிட்டது. சென்னியப்பன் அதைப் பாகீரதியம்மாளிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த அம்மாள் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவாள், அவனையும் நடக்க வைப்பாள். துப்பறியக் கிளம்பிவிட்டால் அவளுக்கு மலையும் ஒன்றுதான், மாடிப்படியும் ஒன்றுதான்.

“இன்னும் கொஞ்சம் விரட்டு, சென்னியப்பா. போடிமெட்டு தாண்டிட்டான்னா அப்புறம் அந்த வெங்கிடாசலத்தை மதுரைக் கூட்டத்துலன்னா தேடணும்!”

“விரட்டறதுக்கு இது குதிரைங்களாம்மா? கிழட்டு ஜீப்புங்க. இதுக்கு மேல விரட்டுனா நாம முன்னால போயிருவோம், வண்டி பின்னால வரும்.”

வாய்தான் நையாண்டி பேசியது. நேற்றுப் பார்த்த காட்சி அவன் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்றது. கள்ளியம்பாறை போலீஸ் ஸ்டேஷன் லாக்கப்பில் அப்துல் ஷுக்கூர் சுவரோரம் சுருண்டு கிடந்தான். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. “ஷுக்கூரு, நானப்பா” என்று கம்பி வழியாகக் கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்தான், வாயைத் திறக்கவில்லை. ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு இதே மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவன். வளைவுகளில் வண்டியை ஓரங்கட்டி, சென்னியப்பனும் அவனும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்த நாட்கள் எத்தனையோ. “இன்னொரு தடவை அடிச்சா ஆள் தாங்கமாட்டான்” என்று காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளே காதோடு சொன்னான்.

எல்லாம் ஒரு கண்ணாடிக் கோப்பையால் வந்த வினை.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே கள்ளியம்பாறையில் ஏலக்காய் வியாபாரி அப்துல் நாசர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்த கோப்பை அது. தேன் நிறம், கட்டைவிரல் கனம், சுற்றிலும் வெட்டி எடுத்த சிங்கமும் இலையும். ஒரு காலத்தில் மியூசியத்தில் வேலை பார்த்த பாகீரதியம்மாள் அதன் போட்டோவைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். “ஆயிரம் வருஷம் இருக்கும், கேட்டயா! பாரசீகத்துலயோ எகிப்துலயோ பண்ணினதாக்கும். கண்ணாடியை ஊதி, ஆறவெச்சு, அப்புறம் சுத்தற சக்கரத்துல பிடிச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு வெட்டியிருக்கா. கொஞ்சம் கை தப்பினா மொத்தமும் போச்சு. குதிரை விக்க வந்த கப்பல்ல வந்து இறங்கியிருக்கும்.”

“ஆயிரம் வருசமா ஒரு கண்ணாடி டம்ளரை உடைக்காம வெச்சிருந்தாங்களா? என்ற ஊட்ல ஒரு வாரம் தாங்காதுங்க” என்று சென்னியப்பன் அப்போதே சொன்னான்.

கோப்பையைக் காணோம் என்றதும் நாசர் நேரே போலீசுக்குப் போய்விட்டார். வேற்று ஆள் என்று அந்த வீட்டுக்குள் நுழைந்து புறப்பட்டவன் லாரி டிரைவர் ஷுக்கூர் ஒருத்தன்தான். பிடித்தார்கள், அடித்தார்கள். ஆனால் துப்பறியச் சொல்லிக் கண்ணீரோடு வந்து நின்றது நாசர் அல்ல, அவர் மனைவி கௌலத். “ஷுக்கூரு பாவமுங்க அக்கா. அவன் ஊட்டுக்காரி ருக்கியா பூப்பாறைப் பக்கம் அம்மா ஊட்ல மாசமா இருக்கா. ரெண்டு தடவை தங்கலை, இது மூணாவது. கோப்பை எங்க இருக்குன்னு நீங்களாப் பாத்துக் கண்டுபிடிங்க. எடுத்துட்டு வர வேண்டாம். எங்க இருக்குன்னு கண்டாப் போதும்.”

அந்த வீட்டில் ஊறுகாய் ஜாடிக்குக்கூடப் பூட்டு உண்டு. கோப்பை இருந்த அலமாரிக்கு மட்டும் பூட்டு கிடையாது. கோப்பை இருந்த இடத்தில் வெள்ளைத் துணி விரித்து ஒரு பெரிய கற்கண்டுக் கட்டி வைத்திருந்ததாம். பார்க்கலாம் என்று கேட்டால், சோதனைக்கு வந்த கான்ஸ்டபிள் அதை ஏற்கெனவே வாயில் போட்டுக்கொண்டுவிட்டான். “இனிப்பா இருந்துச்சு” என்று வாக்குமூலம் வேறு கொடுத்தான்.

இத்தனைக்கும் நடுவில் உருப்படியாகக் கிடைத்த ஆள் வெங்கிடாசலம். கோயமுத்தூரில் பழம்பொருள் வியாபாரம் செய்கிறவர். கோப்பையை விலைக்குக் கேட்டு நாசரிடம் நடையாய் நடந்தவர். காணாமல் போன செய்தி பரவியதும் மூணாறுக்கு ஓடி ஒரு எஸ்டேட் பங்களாவில் பதுங்கினார். இவர்கள் அங்கே போய் இறங்கினால், இப்போதுதான் வெள்ளை அம்பாசடரில் போடிமெட்டு வழியாகக் கிளம்பினார் என்றார்கள். மடியில் ஒரு மரப்பெட்டியாம், சமையல்காரனைத் தொடக்கூட விடவில்லையாம்.

செக்போஸ்டில் பனி மூடிக் கிடந்தது. குறுக்குக் கம்பி இறங்கியிருந்தது. லாரிகளுக்குப் பின்னால் வெள்ளை அம்பாசடர்!

“நிறுத்து, நிறுத்து!” என்றாள் பாகீரதியம்மாள்.

சென்னியப்பன் இருந்த பிரேக்கை எல்லாம் மிதித்தான். ஜீப் நிதானமாகப் போய் அம்பாசடரின் பின்பக்கத்தில் முட்டி நின்றது. உள்ளிருந்து வெங்கிடாசலம் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்.

“ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?”

“தெரிஞ்சுதானுங்க முட்டுனேன்” என்றான் சென்னியப்பன்.

“பெட்டியைத் திறங்கோ” என்றாள் பாகீரதியம்மாள். “நான் திறக்கச் சொன்னா மரியாதையா இருக்கும். அதோ நிக்கறாரே காக்கிச்சட்டை, அவர் சொன்னா வேற மாதிரி இருக்கும்.”

வெங்கிடாசலம் நல்ல தடித்த மனிதர். அந்தக் குளிரிலும் அவருக்கு நெற்றி வேர்த்தது. பெட்டியை ஜீப்பின் பானெட்டில் வைத்துத் திறந்தார். வைக்கோலுக்குள் தேன் நிறத்தில், சிங்கமும் இலையுமாக உட்கார்ந்திருந்தது கோப்பை.

“சாமி! பொழைச்சான் ஷுக்கூரு!” என்று சென்னியப்பன் கத்தியேவிட்டான். பாகீரதியம்மாள் மட்டும் கோப்பையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழே மெல்ல வருடினாள். நகம் ஓரிடத்தில் நின்றது.

“நீயும் தொட்டுப் பாரு.”

தொட்டான். மயிரிழை போல ஒரு மேடு சிங்கத்தின் முதுகு வழியாகக் கோடாக ஓடியது.

“இது அச்சு சேர்ற இடம். ரெண்டு பாதி அச்சைச் சேர்த்துவெச்சு, கண்ணாடியை உருக்கி ஊத்தியிருக்கா. சக்கரத்துல வெட்டினதுக்கு இந்தக் கோடு எங்கேர்ந்து வரும்? இது போன மாசத்துக் கோப்பையாக்கும்.”

வெங்கிடாசலம் அப்படியே காரில் சாய்ந்துவிட்டார். “நான் ஒண்ணும் திருடலீங்கம்மா. மாத்தி வெச்சுப்போடலாம்னுதான் இதைச் செய்யச் சொன்னேன். அதுக்குள்ள நிசமானது போயிருச்சு. இதைக் கையில வெச்சுட்டு மாட்டிக்கக் கூடாதுன்னுதான் ஓடுனேன்.”

“அசலைக் கையில எடுத்துப் பாத்திருக்கேளா?”

“ஒரு தடவை நாசர் காட்டுனாருங்க. எங்க ஊட்ல இதை யாருமே தொடறதில்லைன்னு பெருமை வேற. அச்சு அசலா இருக்கோணும்னு விளிம்பைக்கூட விடலீங்க. இங்க பாருங்க, ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு மழுமழுன்னு இருக்குதா? அசல்ல இப்படித்தான். அதையும் தேய்ச்சே செஞ்சு வாங்குனேன்.”

பாகீரதியம்மாள் அந்தத் தேய்ந்த விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். சென்னியப்பனுக்குப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. ஓரமாகப் போய் மதகுக்கட்டையில் உட்கார்ந்தான். இருந்த ஒரே பிடியும் போயிற்று. வெறும் கையோடு திரும்பினால் அங்கே என்ன காத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பொங்கி வந்த அழுகையை அடக்க அவனால் முடியவில்லை, வாய்விட்டே அழுதான்.

“ஏன் வாயை மூடிட்டுக் கிடக்கறான், அந்தப் பாவி? ‘நான் எடுக்கலை’ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, குறைஞ்சா போயிருவான்?”

“அதையேதான் நானும் கேட்டுண்டிருக்கேன்” என்று பாகீரதியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “எடுக்காதவன் ‘எடுக்கலை’ன்னு கத்துவான். எடுத்த திருடன் அதைவிடப் பலமாக் கத்துவான். அடியை வாங்கிண்டு ரெண்டும் சொல்லாம இருக்கான்னா, அவன் எடுத்திருக்கான், ஆனா திருடலை. யாருமே தொடாத கோப்பைக்கு விளிம்பு எப்படித் தேயும்? குடிச்சுக் குடிச்சுத் தேஞ்சிருக்கு. நாசருக்குத் தெரியாம அந்த ஆத்துல யார் குடிப்பா? பொம்மனாட்டிகள்தான் குடிப்பா. ஆம்பளைகளை வெளில நிறுத்திட்டு அவா பண்ற காரியம் என்னடா?”

“என்னைக் கேட்டா? என்னை வெளிய நிறுத்துனது ஒரே ஒரு நாளுங்க. என்ற ஊட்டுக்காரி பர்வதத்துக்குப் பெரியவன் பொறந்த அன்னிக்கு. அவ அம்மா ஊடு கள்ளியம்பாறைதானுங்களே, அங்கதான் பிரசவம். என்ற மாமியா எதையோ துணியில மூடி எடுத்துட்டு வேகு வேகுன்னு வந்தாங்க. ‘என்னங்க அத்தை அது’ன்னு கேட்டேன், ஒரு பேச்சில்லை. அந்த வாய் மூடி நான் பாத்ததே இல்லீங்க. கொழந்தை கத்துன பெறகுதான் திறந்துச்சு, இன்னிக்கு வரைக்கும் மூடலை. நான் என்னமோ எம்மேல கோபம்னு நெனச்சு...”

பாகீரதியம்மாள் அவன் தோளை இறுகப் பிடித்தாள்.

“துணில மூடி எங்கேர்ந்து கொண்டு வந்தா?”

“அது... நாசர் அண்ணன் ஊட்டுப் பக்கமிருந்து வந்தாங்க. அடக் கெரகமே!”

“போறும்! பிரசவ வலிக்கு அந்தக் கோப்பைல தண்ணி குடுக்கற வழக்கம். யாருக்கு வேணுமோ அவா கற்கண்டை வெச்சுட்டு எடுத்துண்டு போகலாம், அதான் பூட்டு இல்லை. குடுத்தவளும் சரி, கொண்டுபோறவாளும் சரி, குழந்தை அழற வரைக்கும் அதைப் பத்தி வாயைத் திறக்கப்படாது. ஆம்பளைகளுக்கு இது தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா நாசர் போலீசுக்குப் போயிருப்பாரா? ருக்கியா மலைல இருக்கா, கோப்பையை எடுத்துண்டு போகப் பொம்மனாட்டி யாரும் இல்லை. அதனால கௌலத் ஷுக்கூர் கையிலேயே குடுத்துட்டா. இப்போ ரெண்டு பேரும் ஊமை!”

“எல்லாம் தெரிஞ்சுட்டேதான் நம்மளக் கண்டுபிடிக்கச் சொன்னாங்களா அந்தம்மா!”

“அவளால சொல்ல முடியாது. நாமளாக் கண்டுபிடிச்சா அவ சொன்னதா ஆகாது. எடுத்துட்டு வர வேண்டாம்னாளே, ஞாபகம் இருக்கா?”

வெங்கிடாசலத்தையும் அவருடைய போன மாசத்துக் கோப்பையையும் காக்கிச்சட்டையிடம் ஒப்படைத்துவிட்டு, செக்போஸ்ட் டெலிபோனில் கள்ளியம்பாறை ஸ்டேஷனுக்கு, உடனே லைன் கிடைக்கும் லைட்னிங் கால் போட்டார்கள். மலையாளம் கலந்து பேசும் எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “கதை கொள்ளாம் மேடம், நல்லாருக்கு. குடுத்தேன்னு அந்தம்மா சொல்லட்டும், இல்லை எடுத்தேன்னு இவன் சொல்லட்டும். அந்தம்மா காலையிலேர்ந்து இவிடெ வராந்தாவுலதான் உக்காந்திருக்கு, கேட்டா அழுவுது. இவன் கல்லு மாதிரிக் கிடக்கான். சாயங்காலம் மறுபடி விசாரிக்கத்தான் போறேன்.” போன் கட்டாகிவிட்டது.

சாயங்கால விசாரணை என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும்.

“இது நம்பிக்கையோ மூடத்தனமோ, அந்த ரெண்டு பேர் வாயும் ஒரு குழந்தையோட அழுகைல மாட்டிண்டிருக்கு. வண்டியை எடு” என்றாள் பாகீரதியம்மாள்.

இறக்கத்தில் பிரேக் இன்னும் கொஞ்சம் கையை விரித்தது. சென்னியப்பன் கியரிலேயே வண்டியைப் பிடித்து வளைத்து வளைத்து இறக்கினான். பூப்பாறைக்கு மேலே செம்பாறை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் ருக்கியாவின் அம்மா வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். மருத்துவச்சி முத்துப்பேச்சி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“யாரு நீங்க? என்னத்தக் கேக்க வந்தீக? உள்ள ஒரு உசுரு போராடிக்கிட்டு கெடக்கு.”

“கோப்பை இருக்காம்மா?”

முத்துப்பேச்சியின் முகம் மாறியது. “இருக்கு தாயி. ஷுக்கூரு தம்பி கொண்டாந்து வச்சாக. ஒத்த வார்த்தை பேசல. பொண்டாட்டி கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்காம லாரில ஏறிப் போயிட்டாக. வலி வந்து வந்து நின்னு போகுது. புள்ள குறுக்க திரும்பிக் கெடக்கு. என் கைக்கு அடங்கல. தேயிலை பேக்டரி பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். எஸ்டேட் வண்டி போடிக்குப் போயிருச்சு.”

உள்ளே மங்கலாக இருந்தது. ருக்கியா கண்ணை மூடிக் கிடந்தாள். தலைமாட்டில் கோப்பை. வாசலிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் சிங்கம் தண்ணீருக்குள் நிற்பது தெரிந்தது. அதைப் பார்க்கவென்றே இத்தனை தூரம் ஓடி வந்த பாகீரதியம்மாள், அதை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் ருக்கியாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள்.

“பிடிங்கோ எல்லாரும். ஜீப் இருக்கு.”

சென்னியப்பனால் இனி மறைக்க முடியாது. “அம்மா, பிரேக் இல்லீங்க.”

“மூணாறுலேர்ந்தே இல்லைன்னு எனக்குத் தெரியும். இதுவரைக்கும் கொண்டு வந்தயோ இல்லையோ? அது மாதிரி ஓட்டு.”

அந்த வழியை அவன் எப்படிக் கடந்தான் என்று பிறகு எத்தனை பேர் கேட்டும் அவனால் சொல்ல முடிந்ததில்லை. பின்னால் ருக்கியா முனகினாள். முத்துப்பேச்சி கோப்பையை அவள் உதட்டில் வைத்து, “ஒரு வாய் குடி ஆத்தா, எல்லாரும் குடிச்ச இடம்” என்று தேய்ந்த விளிம்பைக் காட்டினாள். ருக்கியா குடித்தாள். “அவுக ஏன் பேசாமப் போனாக?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஷுக்கூர் லாக்கப்பில் இருப்பதை அவளிடம் சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆஸ்பத்திரி வாசலில் நட்டிருந்த செம்பருத்தி வேலியில் மோதித்தான் ஜீப் நின்றது.

டாக்டர் வந்தார், கதவு சாத்தப்பட்டது. சென்னியப்பன் கம்பவுண்டர் அறை டெலிபோனில் மறுபடி லைட்னிங் கால் கேட்டுவிட்டு, ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றான். ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அங்கே கள்ளியம்பாறையிலும் சாய்ந்துகொண்டிருக்கும். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டு, ஷுக்கூரின் அல்லாவையும் கூப்பிட்டான்.

லைன் கிடைத்தது. “ஹலோ! யாரு?” எஸ்.ஐ.யின் குரல். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். “பெஞ்சைக் கொண்டா, அவனை எழுப்பு” என்று யாருக்கோ உத்தரவு.

“ஐயா, நானுங்க, சென்னியப்பன். கொஞ்சம் பொறுங்க ஐயா, கும்பிடறேன், அடிக்காதீங்க!”

“ஏய், போனை வெய்யி.”

கதவு திறந்தது. முத்துப்பேச்சி வந்தாள். கையில் ஒரு துணிச்சுருள். சுருளுக்குள் குழந்தை நீலம் பாரித்து, சத்தமில்லாமல் கிடந்தது. டாக்டர் பின்னாலேயே வந்து, குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். மறுபடி தட்டினார்.

ஒன்றும் இல்லை.

“அழு, என்ற சாமி, அழு!” சென்னியப்பன் கதறினான். “உங்கொப்பன் அங்க அடி வாங்கறான், அழுடா!”

எஸ்.ஐ. போனை வைக்கவில்லை. என்ன நடக்கிறதோ என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

டாக்டர் விரலால் குழந்தையின் வாயைத் துழாவி எதையோ வழித்தெடுத்தார், மூன்றாவது முறை தட்டினார். ஒரு இருமல். ஒரு விக்கல். அப்புறம், அறையே நிறையும்படி, வீல் என்று ஒரு அழுகை!

சென்னியப்பன் ரிசீவரை அந்த வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனான். கம்பி இழுபட்டு டெலிபோன் பெட்டி கீழே விழுந்தது. அவன் கவலைப்படவில்லை. பாகீரதியம்மாள் கதவோரம் நின்று புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து ருக்கியாவின் மெல்லிய குரல், “எம்புள்ளயா அழுவுது?” என்று கேட்டது.

“என்ன சத்தம் அது?” என்றார் எஸ்.ஐ.

அந்தப் பக்கம் யாரோ ஓடி வரும் சத்தம், ரிசீவரைப் பிடுங்கும் சத்தம், ஒரு நிமிஷம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு கௌலத்தின் குரல் வெடித்துக்கொண்டு வந்தது. “நாந்தான் குடுத்தேன்! ஐயா, நாந்தான் என்ற கையால எடுத்துக் குடுத்தேன், அவனை உடுங்க! ஷுக்கூரு! டேய் தம்பி! அழுதிருச்சுடா, உம்புள்ள அழுதிருச்சு!”

சென்னியப்பன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். எங்கோ தூரத்தில், கம்பிக்கு அப்பாலிருந்து, கிழிந்த உதட்டோடு ஒருத்தன் அழுகையும் சிரிப்புமாகத் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது.

“நாந்தான் எடுத்தேன்! ஐயா, நாந்தான் எடுத்தேன்!”